பலகையில் அறுத்தெடுக்கும் முகம்

மரத்தில் உருவப்படம் என்றதும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கிய சிற்பமே பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது வேறு ஒரு கலை. நான்கு மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளைவுட் பலகை ஒன்றில், ஸ்க்ரோல் சா என்னும் மேசை ரம்பத்தைக் கொண்டு சில பகுதிகளை மட்டும் அறுத்து நீக்கிவிட்டு, மிஞ்சிய பலகையைக் கறுப்புத் துணியின்மேல் வைத்தால், மரம் நிற்கும் இடமெல்லாம் வெளிச்சமாகவும் மரம் நீங்கிய இடமெல்லாம் நிழலாகவும் தோன்றி, இரண்டும் சேர்ந்து நமக்குத் தெரிந்த ஒருவரின் முகமாகிவிடுகின்றன. மேடுபள்ளம் கிடையாது, சாயம் கிடையாது, நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறமும் கிடையாது. இருக்கிறது, இல்லை என்னும் இரண்டே நிலைகளில் ஒரு மனிதரின் சாயலைப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் சவாலும் அழகும்.

திருநெல்வேலிச் சீமையில் மரத்தோடு பழகிய கைகளுக்குக் குறைவில்லை. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிய சொப்புச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுகின்றன. தேர் வேலை தெரிந்த ஆசாரிமார்களும், செங்கோட்டையின் மரக்கடைகளும் அறுவை ஆலைகளும் இந்தப் பகுதிக்கு நெடுநாள் பழக்கமானவை. ஆயினும் ஸ்க்ரோல் சா உருவப்படம் தச்சுத் தொழில் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. தொழிற்பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர் வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு மேசை போட்டு, மாலை நேரங்களில் பழகிக்கொள்ளக்கூடிய பொழுதுபோக்கு இது. இதற்கு வேண்டிய கைத்திறன் பழகப் பழக வந்துவிடும். ஆனால் தொடங்குவதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டிய ஒரு கருத்து இருக்கிறது. அது புரியாமல் எத்தனை பலகை அறுத்தாலும் முகம் அமையாது. ஆகவே ரம்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கருத்தையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே துண்டு என்னும் விதி

அறுத்து முடித்த பின் எஞ்சும் மரம் முழுவதும், எங்கும் தொடர்பு அறாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். காகிதத்தில் வரைகிறவருக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டை அவர் எங்கே வேண்டுமானாலும் விட்டுவைக்கலாம். பலகையிலோ, நிழலால் முற்றிலும் சூழப்பட்ட ஒரு வெளிச்சத் துண்டு, ரம்பம் அதைச் சுற்றி வந்து சேர்ந்த கணத்தில் கழன்று கீழே விழுந்துவிடும்.

எழுத்தைக் கொண்டு இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ‘ட’ என்னும் எழுத்தைப் பலகையில் ஓட்டையாக அறுத்தால் எந்தச் சிக்கலும் எழாது. ‘க’ என்னும் எழுத்தை அவ்வாறு அறுத்தால், இடப்புறச் சுழியின் உள்ளே இருக்கும் மரத்துக்கு எந்தப் பிடிப்பும் இல்லாமல் போவதால் அது உதிர்ந்து, சுழி இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை மட்டுமே மிஞ்சும். சாக்கு மூட்டைகளின்மேல் மை பூசிப் பெயர் பதிக்கும் தகட்டு அச்சுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கான தீர்வும் தெரிந்திருக்கும்: சுழியின் உட்பகுதி விழாமல் பிடித்துக்கொள்ளும்படி, எழுத்தின் கோட்டை ஓரிடத்தில் உடைத்து, ஒரு மெல்லிய தகட்டுப் பட்டையை அங்கே விட்டிருப்பார்கள். உருவப்படத்திலும் நாம் செய்வது அதுவேதான். பிடிப்பில்லாமல் மிதக்கும் வெளிச்சத் துண்டைத் தீவு என்றும், அதை மற்ற மரத்தோடு சேர்க்கும் பட்டையைப் பாலம் என்றும் இனிச் சொல்வோம்.

முகத்தில் தீவுகள் எங்கெங்கே தோன்றும் என்பதை ஒருமுறை அறிந்துகொண்டால் எந்தப் படத்திலும் அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். முதலாவது, கருவிழியின் நடுவே மின்னும் ஒளிப்புள்ளி. அளவில் அதுதான் மிகச் சிறியது. ஆனால் அது இல்லாத கண் உயிரற்றுப்போகும் என்பதால் அதை விட்டுவிடவும் முடியாது. அந்தப் புள்ளியைச் சற்றே மேலே நகர்த்தி இமையோடு ஒட்டச் செய்வதும், பக்கவாட்டில் இழுத்து வெண்விழியோடு சேர்ப்பதும் இதற்கான வழிகள். பார்ப்பவரின் கண் அந்த நகர்வைக் கவனிப்பதில்லை. இரண்டாவது, மூக்குக் கண்ணாடி. கறுப்புச் சட்டம் ஒரு முழு வளையமாக அமைந்தால் அதற்குள் அகப்படும் கண்ணும் கன்னத்தின் மேற்பகுதியும் மொத்தமாகக் கழன்றுவிடும். எனவே சட்டத்தின்மேல் விளக்கொளி பட்டுப் பளபளக்கும் இடங்களில், அந்த ஒளியே பாலமாகும்படி வளையத்தை இரண்டு மூன்று இடங்களில் உடைக்க வேண்டும். மூன்றாவது, மீசைக்கும் தாடிக்கும் இடையே தெரியும் கீழுதடு. நான்காவது, கறுத்த தலைமுடிக்குள் ஒளி பட்ட கற்றைகள். இவற்றை நெற்றிவரை நீட்டிவிட்டால் அவை தாமாகவே இணைந்துகொள்ளும்.

நல்ல பாலம் பாலமாகத் தெரியக் கூடாது. முகத்தில் இயல்பாக ஒளி விழக்கூடிய இடத்தில், சுருக்கத்தின் விளிம்பிலோ மூக்கின் தண்டிலோ முடியின் இழையிலோ அது அமைந்தால், பார்ப்பவர் அதை முகத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வார். கன்னத்தின் நிழலுக்குக் குறுக்கே காரணமில்லாமல் ஓடும் பட்டையோ, ஒரு தழும்பைப் போல முதலில் கண்ணில் பட்டு, முழுப் படத்தையும் கெடுத்துவிடும்.

பாலத்தின் அகலத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஏ4 தாள் அளவிலான படத்தில், முதன்முறை அறுப்பவர்கள் எந்தப் பாலத்தையும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. அகலத்தைவிட முக்கியமானது நீளம். ஒரு முனையில் மட்டும் பிடிப்புடன், நீண்டு மெலிந்து நிழலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நாக்கு போன்ற பகுதிகள் விதிப்படி ஒரே துண்டைச் சேர்ந்தவைதாம். ஆனால் ரம்பம் ஓடும்போது அவை அதிர்ந்து, வேலை முடிவதற்குள் ஒடிந்துவிடும். அப்படிப்பட்ட நாக்கின் நுனியையும் எங்கேயாவது கட்டிவைக்க வேண்டும்.

படத்தைத் தேர்வதும் மாதிரி தயாரிப்பதும்

எந்தப் புகைப்படம் பலகைக்கு ஏற்றது என்பதை ஒளியே முடிவு செய்கிறது. ஸ்டுடியோவில் இருபுறமும் சமமாக விளக்கு வைத்து எடுத்த பாஸ்போர்ட் படத்தில் முகம் முழுவதும் ஒரே வெளிச்சமாக இருப்பதால், நிழல் என்று நீக்குவதற்கு அதில் ஒன்றுமே இருக்காது. காலை வெயில் ஒருபக்கமாக விழும் சன்னலோரத்திலோ திண்ணையிலோ எடுத்த படத்தில், மூக்கின் ஒரு பக்கமும், கண்குழியும், தாடைக்கு அடியும் தெளிவான நிழல்களாகப் பிரிந்து நிற்கும். அந்த நிழல்களின் வடிவங்களே ஓர் ஆளை இன்னார் என்று காட்டுகின்றன. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சரியான படம் அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது, தவறான படத்தை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

பாரதியாரின் படம் இந்தக் கலைக்கு மிகவும் பொருந்துவது. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து, நெல்லையில் படித்து, பின்னாளில் கடையத்தில் சில காலம் வாழ்ந்த அவரது உருவத்தை இங்குள்ள யாரும் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்கள். வெள்ளைத் தலைப்பாகையும் கறுத்த மீசையும் ஊடுருவும் கண்களும் சரியாக அமைந்தால் போதும், மற்றவற்றைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொள்ளும். மீசை ஒரே பெரிய ஓட்டை, அறுக்க எளிது. கண்களும் புருவங்களும் நடுத்தரமான கடினம். சோதனை எல்லாம் தலைப்பாகையில்தான் இருக்கிறது. தலைப்பாகையும் வெளிச்சம், அதற்குப் பின்னால் உள்ள வெற்றிடமும் வெளிச்சம் என்று இரண்டையும் மரமாகவே விட்டால், தலைப்பாகையின் எல்லை மறைந்துபோகும். பின்புலம் முழுவதையும் நிழலாக்கி நீக்கிவிட்டால் தலைப்பாகை பளிச்சென்று எடுத்துக்காட்டும். ஆனால் அவர் அணிந்த கோட்டுச் சட்டையும் கறுப்பாக இருப்பதால், தலையைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. இதற்கு நடுவான வழி ஒன்று உண்டு. பின்புலத்தை மரமாகவே விட்டுவிட்டு, தலைப்பாகையின் மடிப்புகளில் விழும் நிழல்களை நீண்ட, மெல்லிய, ஆங்காங்கே விட்டுவிட்டு வரும் வெட்டுகளாக அமைத்தால், அந்த மடிப்புகளே அதன் வடிவத்தைக் காட்டிவிடும். வெட்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளிகள் பாலங்களாக நின்று தலையைத் தாங்கும். கன்னத்தின் வெளிச்சமான பக்கத்துக்கும் இப்படியே எல்லைக்கோடு தேவையில்லை. காது, மீசையின் நுனி, தாடையின் நிழல் ஆகிய மூன்றும் சரியான இடத்தில் இருந்தால், இல்லாத கன்னக்கோட்டைக் கண் தானே வரைந்துகொள்ளும்.

இரண்டாவது படமாக நம் வீட்டுப் பெரியவர்களை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் பாம்படம் என்னும் கனத்த காதணி அணிந்த ஆச்சிமார்களின் பழைய புகைப்படங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இந்தக் கலைக்கு அவற்றைவிடச் சிறந்த முகங்கள் எனக்குத் தெரியாது. வயதின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிழல். நரைத்த முடி முழுவதும் வெளிச்சம். தோள்வரை தொங்கும் காது, தன்னளவிலேயே ஓர் அழகிய வெட்டு வடிவம். வளர்ந்த காதின் வளையத்துக்குள் தெரியும் கழுத்தின் நிழலை ஓட்டையாக நீக்கினால், காதுமடல் மெல்லிய மரப்பட்டையாகத் தொங்கி, அதன் அடியில் பாம்படம் கனமான வடிவமாக நிற்கும். மேலே சொன்ன நாக்கின் ஆபத்து இங்கே முழுமையாக இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மெலிந்த பட்டையின் நுனியில் கனத்த துண்டு தொங்குவதால், பாம்படத்தின் கீழ் விளிம்பைத் தோளிலோ சேலையின் மடிப்பிலோ ஒளி படும் ஓரிடத்தில் தொடும்படி செய்து, அங்கே ஒரு பாலம் வைத்தே தீர வேண்டும்.

புகைப்படத்தை மாதிரியாக மாற்றுவதற்குக் கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களே போதும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, த்ரெஷோல்டு என்னும் வசதியைத் திறந்து அளவை முன்னும் பின்னும் நகர்த்தினால், சாம்பல் நிறங்கள் மறைந்து, படம் கறுப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரியும். முகச்சாயல் கெடாமல் இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கண்களுக்கு ஓர் அளவும் தாடைக்கு வேறோர் அளவும் பொருந்தும். அப்படியானால் இரண்டு படங்களாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிறகு சிறு புள்ளிகளைத் துடைத்து, நெளிந்த விளிம்புகளைச் சீராக்கி, பாலங்களை வரைய வேண்டும். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. அறுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆவதே முறை.

தீவுகள் ஏதும் மிஞ்சியிருக்கின்றனவா என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ள ஓர் அருமையான சோதனை இருக்கிறது. மென்பொருளில் வண்ணம் ஊற்றும் கருவியை எடுத்து, மரமாக நிற்க வேண்டிய வெள்ளைப் பகுதியில் ஏதேனும் ஓரிடத்தில் சிவப்பை ஊற்றிவிடுங்கள். தொடர்புள்ள வெள்ளை முழுவதும் சிவப்பாகிவிடும். எங்கேயாவது வெள்ளை மிஞ்சியிருந்தால் அதுவே தீவு. கணினி இல்லாதவர்கள் அச்சிட்ட தாளின்மேல், பென்சிலை எடுக்காமலும் கறுப்பைத் தொடாமலும் எல்லா வெள்ளைப் பகுதிகளுக்கும் போய்வர முடிகிறதா என்று பார்த்தும் இதே முடிவை அறியலாம்.

பலகை

முகத்துக்கு ஏன் தேக்கையோ பூவரசையோ எடுக்காமல் பிளைவுட்டை எடுக்கிறோம் என்று கேட்கலாம். மெல்லியதாக அறுத்த எந்த மரத்திலும் இழை ஒரே திசையில் ஓடும். இழைக்குக் குறுக்காக அமையும் பாலம், எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் விரல் பட்டாலே ஒடிந்துவிடும். பிளைவுட்டில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட படலங்கள் இருப்பதால், பாலம் எந்தத் திசையில் அமைந்தாலும் அதைத் தாங்க ஏதோ ஓர் இழை இருக்கும். வெளிநாடுகளில் இதற்குப் பால்டிக் பர்ச் எனப்படும் பலகையை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அதன் படலங்கள் மெல்லியவை, உள்ளே வெற்றிடம் மிகக் குறைவு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண பிளைவுட்டில் உட்படலங்களுக்கு இடையே வெற்றிடங்கள் இருக்கக்கூடும் என்பதால், வாங்கும்போது பலகையின் நான்கு விளிம்புகளையும் உற்றுப் பார்த்து, பொந்தில்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்படலம் வெளிர் நிறமாகவும் மரக்கணு இல்லாமலும் இருப்பது முகத்துக்கு நல்லது. எட்டடிக்கு நாலடி முழுப் பலகையாக வாங்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ அலமாரி வேலை செய்யும் ஆசாரிகளிடம் கேட்டால், முகப்படத்துக்குப் போதுமான வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வழவழப்பாக அறுபடும். ஆனால் மெல்லிய பாலங்களில் அது பிளைவுட் அளவுக்கு உறுதியானதன்று, அதன் தூளும் மிக நுண்ணியது.

ரம்பமும் பிளேடும்

ஸ்க்ரோல் சாவில் மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழும் இறுகப் பிடிக்கப்பட்டு, மேசையின் துளை வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1600 முறை மேலும் கீழுமாக ஓடுகிறது. பிளேடு இடம் மாறுவதில்லை; பலகையைத்தான் நாம் நகர்த்துகிறோம். வீட்டு மின்இணைப்பே இதற்குப் போதும். பிளேடிலிருந்து பின்கழுத்துவரை உள்ள இடைவெளியைக் கொண்டு இயந்திரத்தின் அளவைச் சொல்வார்கள். பதினாறு அங்குல இயந்திரத்தில் அந்த இடைவெளி சுமார் 40 சென்டிமீட்டர். ஏ4 தாளின் மூலைக்கு மூலை நீளம் 36 சென்டிமீட்டர்தான் என்பதால், அந்த அளவுப் பலகையை எந்தப் புள்ளியிலிருந்தும் முழுவதும் சுழற்றலாம்.

இயந்திரம் வாங்குபவர் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி, முனையில் குறுக்குப் பின் (pin) இல்லாத பிளேடை அது பிடிக்குமா என்பது. விலை குறைந்த சில இயந்திரங்கள் இரு முனைகளிலும் குறுக்கே சிறு பின் பொருத்திய பிளேடுகளை மட்டுமே ஏற்கும். அந்தப் பின் நுழைவதற்கே பெரிய துளை வேண்டும் என்பதால், கண்ணிமை போன்ற நுண்ணிய இடங்களில் அந்த இயந்திரத்தால் ஒன்றும் செய்ய இயலாது. பின் இல்லாத ஐந்து அங்குலப் பிளேடோ, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த துளையிலேயே நுழைந்துவிடும். உருவப்படத்துக்கு இது ஒன்றே முடிவான தகுதி. மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பிளேடுகளில் தட்டையானது, முறுக்கியது என இரு வகை உண்டு. தட்டைப் பிளேடுக்கு ஒரு பக்கம் மட்டுமே பல் இருப்பதால், கோடு திரும்பும் திசையில் பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டு சுத்தமாகவும் கூர்மையாகவும் வரும். முறுக்குப் பிளேடுக்கு எல்லாப் பக்கமும் பல் இருப்பதால் பலகையைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் அறுக்கலாம். ஆனால் வெட்டு அகலமாகும், விளிம்பில் பிசிறும் அதிகம். பெரிய முகப்படம் அறுக்கும் பலர் முறுக்குப் பிளேடையே விரும்புகிறார்கள். ஆயினும் தொடங்குபவர்கள் தட்டைப் பிளேடிலேயே கை பழக வேண்டும் என்பது என் கருத்து. கோட்டைத் தொடர்ந்து பலகையைத் திருப்பும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் முறுக்குப் பிளேடு பிறகு எளிதில் வசப்படும். எண் சிறிதாகச் சிறிதாகப் பிளேடும் மெலியும். நான்கு மில்லிமீட்டர் பலகைக்கு 1 முதல் 3 வரையிலான எண்கள் பொருத்தமானவை, கண்களுக்கு அவற்றைவிட மெல்லிய 2/0 எண் பிளேடு.

பிளேடைப் பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். இறுக்கிய பின் விரலால் சுண்டினால் தெளிவான, உயர்ந்த ஒலி எழ வேண்டும். மந்தமான ஒலி வந்தால் இறுக்கம் போதாது என்று பொருள். மூலைமட்டத்தை வைத்து, பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்து நின்றால் மேற்புறத்தில் இரண்டு மில்லிமீட்டராகத் தெரியும் பாலம் அடிப்புறத்தில் அதைவிட மெலிந்துபோயிருக்கக்கூடும். பிளைவுட்டின் பசை பல்லை விரைவில் மழுக்கும். பலகையைத் தள்ள வேண்டியிருந்தாலோ, விளிம்பு கருகினாலோ, வெட்டு கோட்டைவிட்டு ஒதுங்கினாலோ உடனே பிளேடை மாற்றிவிட வேண்டும். பன்னிரண்டு பன்னிரண்டாக விற்கப்படும் இந்தப் பொருளில் சிக்கனம் பார்ப்பது வேலையைக் கெடுக்கும்.

இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் கையால் அறுக்கும் ஃப்ரெட் சாவிலும் இதே படத்தை அறுக்கலாம். நகைப் பட்டறைகளில் பொன் தகட்டைத் துளைத்து அறுக்கும் வில்வடிவக் கைரம்பமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நேரம் பல மடங்கு ஆகும்; வெட்டின் தரம் குறையாது.

அறுக்கும் வரிசை

முதலில் பலகையின் மேற்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட வேண்டும்; ஓட்டைகள் விழுந்த பின் அழுத்தித் தேய்க்க முடியாது. அதன்மேல் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, டேப்பின்மேல் மாதிரித் தாளைப் பசை தடவி ஒட்டினால், வேலை முடிந்த பின் தாளும் டேப்பும் சேர்ந்தே உரிந்து வந்துவிடும். பிறகு நீக்க வேண்டிய ஒவ்வொரு கறுப்புப் பகுதிக்குள்ளும் ஒரு சிறு துளை போட வேண்டும். துளையைக் கோட்டின்மேல் போடாமல், கோட்டுக்கு உள்ளே, கூர்மையான மூலை ஒன்றின் அருகே போட்டால் அறுப்பைத் தொடங்குவது எளிது. அடியில் ஒரு பழைய பலகையை வைத்துத் துளையிட்டால் பின்புறம் சிராய் கிளம்பாது.

ஒவ்வோர் ஓட்டைக்கும் பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, அறுத்து, மீண்டும் கழற்ற வேண்டும். முகத்தில் நாற்பது ஓட்டைகள் இருந்தால் நாற்பது முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். பலருக்கு இதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஆனால் கை பழகியபின் இந்த இடைவெளிகளே கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வாகிவிடுகின்றன.

எந்த ஓட்டையை முதலில் அறுப்பது என்பதில் ஒரு முறை உண்டு. அதை மாற்றக் கூடாது. நடுவிலிருந்து வெளியே, சிறியதிலிருந்து பெரியதற்கு என்று போக வேண்டும். கண்கள், மூக்குத்துளைகள், உதடுகள் ஆகியவை முதலில். மீசை, கன்னத்தின் நிழல், கழுத்து ஆகியவை பிறகு. முடியும் உடையும் கடைசியில். ஒவ்வொரு துண்டும் நீங்க நீங்கப் பலகை வலுவிழந்துகொண்டே போகிறது. மிக நுண்ணிய வேலை நடக்கும்போது பலகை முழு உறுதியோடு இருக்க வேண்டும் என்பதே இந்த வரிசையின் காரணம். பெரிய ஓட்டையை முதலில் அறுத்துவிட்டால், கண்ணை அறுக்கும் நேரத்தில் பலகை முழுவதும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

அறுக்கும்போது பலகையை இரு கைகளாலும் மேசையோடு அழுத்திப் பிடித்து, பிளேடு தானாக உண்ணும் வேகத்துக்கு மட்டும் நகர்த்த வேண்டும்; பக்கவாட்டில் நெருக்கினால் பிளேடு வளைந்து ஒடியும். மூலை வந்ததும் சற்றுப் பின்வாங்கி, கழிவுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, புதிய கோட்டைப் பிடிக்கலாம். தட்டைப் பிளேடுகள் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சிறிது இழுக்கும். பலகையை மேசையின்மேலேயே சற்றே கோணமாகத் திருப்பித் தள்ளினால் அது சரியாகிவிடும். கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. மாதிரித் தாளை உரித்த பின் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று பார்ப்பவர் யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்ணிலும் வாயிலும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அங்கே அரை மில்லிமீட்டர் என்பது முகபாவத்தையே மாற்றிவிடும்.

மெல்லிய ஒற்றைப் பலகை மிக விரைவாக அறுபட்டுக் கைக்கு அடங்காமல் ஓடும். அப்போது இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து விளிம்புகளை டேப்பால் சுற்றிக் கட்டி ஒன்றாக அறுத்தால், வேகமும் கட்டுப்படும், ஒரே உழைப்பில் இரண்டு படங்களும் கிடைக்கும்.

மரத்தூளைப் பற்றிக் கவனமாக இருங்கள். இந்த ரம்பம் எழுப்பும் தூள் மிக நுண்ணியது. பிளைவுட்டில் பசையின் தூளும் கலந்திருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் வீசும் காற்றை நம்பித் திறந்த வெளியில் அறுத்தாலும், என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உட்காரக் கூடாது. பிளேடின் நேர் எதிரே விரல் இருக்கக் கூடாது. பிளேடு மாற்றும்போது இயந்திரத்தை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

முடிப்பு வேலை

டேப்பை உரிக்கும்போதுதான் பாலங்கள் ஒடிவது அதிகம். ஒரு விரலால் பாலத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அகன்ற பகுதியிலிருந்து குறுகிய பகுதியை நோக்கி, பலகையை ஒட்டினாற்போல் தாழ்வாக உரிக்க வேண்டும். ஒடிந்தால் ஒரு துளி ஃபெவிகுவிக் வைத்து ஒட்டிவிடலாம். கறுப்புப் பின்னணியில் அந்த ஒட்டு தெரியாது. பின்புறத்துப் பிசிறை 220 எண் உப்புத்தாளால் மெதுவாக நீக்கி, ஓட்டைகளுக்குள் இருக்கும் தூளைப் பழைய பல்துலக்கியால் துடைத்து, வார்னிஷைத் தூரிகையால் பூசாமல் ஸ்ப்ரேயாக மெல்லிய இரண்டு மூன்று படலங்களாக அடிக்க வேண்டும். தூரிகையின் மயிர் பாலங்களில் சிக்கிக்கொள்ளும். ஓட்டைகளின் விளிம்பில் வார்னிஷ் வழிந்து உறையும்.

நம் பகுதியின் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குற்றாலச் சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மெல்லிய பிளைவுட் எளிதாக வளையும். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் மறுபக்கம் ஈரத்தை இழுத்து வளைவு இன்னும் அதிகமாகும் என்பதால், முன்புறத்துக்கு எத்தனை படலமோ அத்தனை படலம் பின்புறத்துக்கும் அடிக்க வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இயந்திரத்தின் இரும்பு மேசையில் மெழுகு தேய்த்து வைப்பது நல்லது. துருவும் பிடிக்காது, பலகையும் தடையின்றி வழுக்கும்.

பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட் துணியைவிடப் பொருத்தமானது இல்லை. அது ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுவதால் நிழல்கள் ஆழமாகத் தெரியும். துணியை ஒரு தனிப் பலகையில் இழுத்து ஒட்டி, அதன்மேல் முகத்தை வைத்து, நான்கு ஓரங்களில் மட்டும் பசை வைக்க வேண்டும். முகம் முழுவதும் பசை தடவினால் ஓட்டைகளின் விளிம்பில் பிதுங்கி வெல்வெட்டைக் கறையாக்கிவிடும். சட்டம் போடும் கடைக்காரரிடம் கண்ணாடி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியின் பளபளப்பு மரத்தின் நிறத்தை மறைத்துவிடும்; முகத்தில் படியும் தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் அவ்வப்போது தட்டினாலே போதும்.